கருப்பை வாயைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்பினால் போதுமா?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மகளிர் நோய்ச் சிறப்பு மருத்துவரோ, கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் கால்போஸ்கோப்பிக் கருவியோ இல்லாத ஒரு சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனையைத் தொடங்கவிருக்கிறோம். முதற்கட்டமாக, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைக் கண்டறியும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை செய்யப்படும். அதற்கான மாதிரியைப் பெண்களே தனியறையில் எடுத்துக் கொடுத்துவிடலாம். தொற்று இருப்பதாக முடிவு வந்தவர்களை மட்டும் மறுபடி வரவழைத்து, செவிலியர் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் வைத்து, மாற்றமடைந்த செல்களை வெளுத்துக் காட்டும் அசிட்டிக் அமிலம் தடவி, கருப்பை வாயைப் படமெடுத்து, அந்தப் படங்களை வாரம் ஒருமுறை தொகுத்து வெளியூரிலுள்ள கால்போஸ்கோப்பி வல்லுநர் ஒருவருக்கு அனுப்புவது எங்கள் திட்டம். அவருடைய கருத்து வந்த பிறகு யாருக்குச் சிகிச்சை, யாருக்குப் பயாப்ஸி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது), யாரை மேல்சிகிச்சைக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்வோம்.

இதில் எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. நல்ல ஸ்மார்ட்போன் ஒன்று போதுமா, அல்லது இதற்கென்றே செய்யப்பட்ட கையடக்கக் கருவிதான் வேண்டுமா? அசையாத ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லப்படும் கருத்து, நேரில் செய்யும் கால்போஸ்கோப்பிக்கு எந்த அளவுக்கு ஈடாகும்? கருவி விற்பவர் ஒருவர், அவர்களுடைய மென்பொருளே ஒரு நிமிடத்தில் "இயல்பு" அல்லது "இயல்பன்று" என்று சொல்லிவிடும், வல்லுநரே தேவையில்லை என்கிறார். அதை நம்பலாமா? இத்துறையில் உண்மையாகவே நேரடி அனுபவம் உள்ளவர்களின் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கண்ணாடிவில்லை

வணக்கம் டாக்டர். சில ஆண்டுகளாக இவ்வாறு அனுப்பப்படும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பணியைச் செய்துவருகிறேன். உங்களுடைய இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் இருக்கிறது.

கருப்பை வாயைப் படமெடுத்து வேறோர் இடத்தில் படிப்பது புதிய யோசனை அன்று. ஹான்ஸ் ஹின்செல்மன் 1925-இல் ஜெர்மனியில் கால்போஸ்கோப்பை உருவாக்கினார். அடோல்ஃப் ஸ்டாஃபல் 1981-இல் செர்விகோகிராஃபி என்ற முறையை அறிமுகப்படுத்தினார். அதில் செவிலியரோ மருத்துவரோ தனி வகைக் கேமராவில் ஃபிலிமில் படமெடுத்து அனுப்ப, பயிற்சி பெற்ற வல்லுநர்கள் அதைத் திரையில் பெரிதாக்கிப் படித்தார்கள். இன்று ஃபிலிமின் இடத்தில் தொலைபேசியும், தபாலின் இடத்தில் இணையமும் வந்திருக்கின்றன. படிப்பவரின் கண் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கண்ணின் வரம்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அனுபவமிக்க வல்லுநர்களுக்கு ஒரே படத்தைக் கொடுத்தாலும் அவர்களுடைய கணிப்புகள் கணிசமாக வேறுபடுகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. நேரில் செய்யும் கால்போஸ்கோப்பியும் நாம் நினைக்கும் அளவுக்குக் கறாரான பரிசோதனை அன்று. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கால்போஸ்கோப்பியின்போது ஒரே இடத்தில் பயாப்ஸி எடுத்தபோது, புற்றுநோயாக மாறக்கூடிய உயர்நிலை மாற்றங்களில் 60.6 விழுக்காடுதான் பிடிபட்டது. இரண்டு இடங்களில் எடுத்தபோது 85.6, மூன்று இடங்களில் எடுத்தபோது 95.6 என அது உயர்ந்தது. மிக மோசமாகத் தெரியும் இடம் என்று கண் தேர்ந்தெடுக்கும் முதல் இடம் பல நேரங்களில் தவறான இடமாக இருக்கிறது என்பதே இதன் பொருள். நேரில் பார்ப்பவருக்கே இந்த நிலை என்றால், படத்தை மட்டும் பார்ப்பவரிடம் "நோய் இல்லை" என்ற சான்றிதழை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே உங்கள் திட்டத்தில் படத்திடம் கேட்கப்படும் கேள்வியை மாற்றச் சொல்வேன். எச்பிவி பரிசோதனையே உங்கள் முதல் வடிகட்டி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை முதற்கட்டப் பரிசோதனையாகப் பரிந்துரைத்து, அதன் பிறகு இரண்டு பாதைகளை அனுமதிக்கிறது. தொற்று இருந்தாலே சிகிச்சை அளிப்பது ஒரு பாதை. இரண்டாவதாக ஒரு பரிசோதனை செய்து, அதிலும் மாற்றம் தெரிந்தால் மட்டும் சிகிச்சை அளிப்பது மற்றொன்று. முதல் பாதையில் கருப்பை வாயைப் பார்ப்பது "சிகிச்சை வேண்டுமா" என்று முடிவு செய்வதற்காக அன்று, "எந்தச் சிகிச்சை பொருந்தும்" என்று முடிவு செய்வதற்காகத்தான். எந்தச் சிகிச்சை என்ற கேள்விக்குப் படம் மிக நன்றாகவே விடை சொல்லும். புற்றுநோய் என்று ஐயப்படும்படி ஏதேனும் தெரிகிறதா? கருப்பை வாயின் உள்ளும் வெளியும் மூடியிருக்கும் இரு வகைச் செல்படலங்களும் சந்திக்கும் எல்லைக்கோடு சுற்றிலும் முழுமையாகத் தெரிகிறதா? வெளுத்த பகுதி, கருப்பையை நோக்கிச் செல்லும் உள்வாய்க்குள் நுழைந்து மறைகிறதா? மாறிய திசுவைச் சுட்டழிக்கும் வெப்பச் சிகிச்சைக் கருவியின் முனை அந்தப் பகுதி முழுவதையும் மூடுமா? இவை நான்கும் கண்ணால் காண வேண்டிய செய்திகள். இவற்றில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு அவ்வளவாக எழுவதில்லை என்பது என் அனுபவம்.

இரண்டாவது பாதையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் ஒன்று. முடிந்தால் எச்பிவியின் வகையையும் சொல்லும் பரிசோதனையையே வாங்குங்கள். 16, 18 ஆகிய இரு வகைகளே உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். 16-ஆம் வகைத் தொற்றுள்ள ஒரு பெண்ணின் படம் எவ்வளவு தூய்மையாகத் தெரிந்தாலும், அவரை "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்ப நான் ஒப்பமாட்டேன். மற்ற வகைத் தொற்று இருந்து, கருப்பை வாய் முழுவதும் தெரிந்து, படம் இயல்பாகவும் இருந்தால், 24 மாதங்கள் கழித்து மறுபடி எச்பிவி பரிசோதனை செய்யலாம். எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி 12 மாதங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரைவில் கேட்பீர்கள். அவர்களில் பலருக்கு அந்த எல்லைக்கோடு உள்வாய்க்குள் ஏறிவிடும். அங்கே எந்தக் கேமராவாலும் பயனில்லை. படத்தில் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக, மிக அழகாகத் தெரியும் கருப்பை வாய் ஒன்றைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. பார்க்க வேண்டிய இடம் அந்தப் படத்திலேயே இல்லை. எனவே உங்கள் படிவத்தில் "இயல்பு", "இயல்பன்று" என்ற இரண்டு கட்டங்களோடு "பார்க்க இயலவில்லை" என்ற மூன்றாவது கட்டமும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் இல்லாத படிவங்களில் பார்க்க இயலாதவை எல்லாம் "இயல்பு" என்ற கட்டத்தில் போய் அமர்ந்துகொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முல்லை

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் செவிலியர். படம் அனுப்பும் பக்கத்தில் இருப்பவள். கேமராவைப் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுத நினைத்தேன், ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது என்று எழுதத் தொடங்கியதும் புரிந்தது.

நான் பார்த்தவரையில் பயன்படாத படங்களில் பெரும்பாலானவை கேமராவால் கெடுவதில்லை. கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் பெண்ணால் தளர்வாகப் படுக்க முடியாது. ஸ்பெகுலம் சிறியதாக இருந்தால் கருப்பை வாயின் மேலுதடு மட்டும் தெரியும். பக்கச் சுவர்கள் தளர்ந்து உள்ளே சரிபவர்களுக்கு, நுனி வெட்டிய ஆணுறை ஒன்றை ஸ்பெகுலத்தின் மேல் உறைபோல மாட்டினால் சுவர்கள் விலகி நிற்கும். இதை எனக்கு ஒரு மூத்த செவிலியர் சொல்லித்தந்தார், எந்தக் கருவியின் கையேட்டிலும் நான் படித்ததில்லை. சளியை உலர்ந்த பஞ்சால் அழுத்தித் துடைத்தால் இரத்தம் கசியும், பிறகு அன்று படமே கிடையாது. உப்புநீரில் நனைத்த பஞ்சை மெல்ல உருட்டி எடுப்பதே சரி.

அமிலம் தடவுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். முதலிலேயே வெள்ளையாகத் தெரியும் தடிப்பு ஒரு வகை, அமிலத்துக்குப் பிறகு வெளுக்கும் பகுதி வேறு வகை. முதல் படம் இல்லையென்றால் தொலைவிலிருப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அசிட்டிக் அமிலக் கரைசல் 3 முதல் 5 விழுக்காடு இருக்க வேண்டும். அடர்த்தியான அமிலத்திலிருந்து நீங்களே கலப்பதாக இருந்தால், 95 மில்லி லிட்டர் நீருக்கு 5 மில்லி லிட்டர் என்ற கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கலக்காத அமிலப் புட்டி பரிசோதனை அறைக்குள் வரவே கூடாது, அது திசுவைச் சுட்டுவிடும். தடவிய பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதை அறையில் நின்று பார்த்தால்தான் தெரியும். நாங்கள் மணலோடும் கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் மனத்துக்குள் எண்ணும்போது எல்லோரும் வேகமாகவே எண்ணுகிறோம். ஒரு நிமிடத்தில் ஒரு படமும், இரண்டாவது நிமிடத்தில் மற்றொன்றும் எடுங்கள். அழற்சியாலும் இயல்பான செல் மாற்றத்தாலும் வரும் மெல்லிய வெளுப்பு சீக்கிரம் மங்கிவிடும். அடர்த்தியான வெளுப்பு நின்று நிலைக்கும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடே பாதி விடையைச் சொல்லிவிடும். அயோடின் தடவுவதாக இருந்தால் அது கடைசியில்தான். அதன் பழுப்பு நிறம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இப்போது கேமரா. சாதாரண ஸ்மார்ட்போனில் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, ஃபிளாஷ் வெளிச்சம் ஈரத்தில் பட்டுத் தெறித்து, பார்க்க வேண்டிய இடத்திலேயே வெள்ளைப் பொட்டாக விழும். அந்தப் பொட்டுக்கும் அமில வெளுப்புக்கும் வேறுபாடு தெரியாமல் திண்டாடிய படங்கள் பல. கேமராவைச் சிறிது சாய்த்து மற்றொரு படம் எடுத்தால் பொட்டு இடம் மாறும், உண்மையான வெளுப்பு மாறாது. இரண்டாவது, தானியங்கிக் குவியம் பளபளக்கும் ஸ்பெகுலத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆழத்திலுள்ள கருப்பை வாயை மங்கலாக்கிவிடும். திரையில் வெளிவாயைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டிவிட வேண்டும். மூன்றாவது, போனை மிக அருகில் கொண்டுபோனாலும், விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்கினாலும் படத்தின் நுணுக்கம் போய்விடும். தள்ளி நின்று, லென்ஸின் உண்மையான பெரிதாக்கும் திறனைப் பயன்படுத்த வேண்டும், கை நடுங்காமல் ஒரு தாங்கியும் வேண்டும். ஈவா, கைனோகுலர் போன்ற இதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளில் நல்ல விளக்கும் பெரிதாக்கும் லென்ஸும் சேர்ந்தே வருகின்றன. இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டப் பச்சை வடிகட்டியும் உதவும். வாங்க முடிந்தால் வாங்குங்கள், வேலை எளிதாகும். ஆனால் ஸ்பெகுலம் வைக்கத் தெரியாதவர் கையில் அவையும் வெறும் தொலைபேசிதான்.

கேமராவே இல்லாத காலத்தையும் மறந்துவிட வேண்டாம். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான திண்டுக்கல் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்த்தே பரிசோதித்தார்கள். அந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 விழுக்காடு குறைந்திருந்தது. படம் எடுப்பதால் செவிலியருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை, நேற்று தான் சொன்னது சரியா என்பதை இன்று பத்துப் பேரோடு உட்கார்ந்து பார்த்துத் திருத்திக்கொள்ள முடிவதுதான் என்று நினைக்கிறேன். வல்லுநர் "இயல்பு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் நான் எதையும் கற்றுக்கொள்வதில்லை. படத்தில் வட்டமிட்டு "இது உள்வாய்ச் செல்படலம், நோய் அன்று" என்று எழுதி அனுப்பினால் அடுத்த பெண்ணுக்கு அது உதவுகிறது.

கடைசியாக ஒன்று. படத்தை முதலில் அந்தப் பெண்ணிடமே காட்டலாமா என்று கேளுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள், சிலர் ஆவலோடு பார்ப்பார்கள். பார்த்தவர்கள் மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

பழைய ஸ்லைடு

நோய்க்குறியியல் துறையிலிருந்து சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்க்கு முந்தைய நிலை பெரும்பாலும் உள்வாய்க்குள் இருக்கும். வெளியே இருந்தாலும் அமிலத்துக்கு வழக்கமான முறையில் வெளுக்காமல் போகலாம். 18-ஆம் வகைத் தொற்றில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். புற்றுநோய் ஐயம் உள்ள எந்தப் படத்துக்கும் பயாப்ஸி இல்லாமல் வெப்பச் சிகிச்சை கொடுத்துவிடாதீர்கள்; மேற்பரப்பு சுட்டுப்போன பிறகு எங்களிடம் வரும் திசுவில் படிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. படமும் பயாப்ஸி முடிவும் ஒரே எண்ணில் சேமிக்கப்படட்டும். அவ்வாறு சேர்த்து வைக்காத படக் களஞ்சியத்தால் யாருடைய கண்ணும் கூர்மையடைவதில்லை, மென்பொருளின் கண் உட்பட.

தரவுத்தச்சன்

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவப் படங்களுக்கான மென்பொருள் எழுதுவது என் தொழில், மருத்துவன் அல்லன்.

விற்பனையாளர் சொல்லும் கதைக்கு மூலம் ஓர் உண்மையான, நல்ல ஆய்வு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ஷிஃப்மன் முதலானோர் 2019-இல் அதை வெளியிட்டார்கள். கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே பகுதியில் 1990-களில் தொடங்கி 9,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது எடுக்கப்பட்ட செர்விகோகிராஃபிப் படங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பழக்கினார்கள். நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியும் திறனுக்கான அளவுகோலில், 1 என்பது முழுத் திறன், 0.5 என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். அந்த அளவுகோலில் மென்பொருள் 0.91 பெற்றது, அதே படங்களை அக்காலத்தில் படித்த வல்லுநர்களின் கணிப்பு 0.69, செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான பாப் ஸ்மியர் 0.71. இந்த எண்களைக் கண்டு உலகமே வியந்தது, நானும் வியந்தேன்.

ஆனால் அந்தப் படங்கள் அனைத்தும் ஒரே வகைக் கேமராவில், ஒரே முறையில் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. வேறு கேமரா, வேறு விளக்கு, வேறு கை என்று மாறியபோது நிலைமையும் மாறியது. அதே துறையில் பின்னர் வந்த கட்டுரைகள் இரண்டு சிக்கல்களைத் தெளிவாகப் பேசுகின்றன. ஒரு கருவியின் படங்களில் பழகிய மென்பொருள் மற்றொரு கருவியின் படங்களில் தடுமாறுகிறது. அதைவிட மோசமாக, ஒரே பெண்ணுக்குச் சில நொடிகள் இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு படங்களுக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளைச் சொல்கிறது. மருத்துவர் எவரும் கண்ணை இமைத்துவிட்டு மறுபடி பார்த்து "இப்போது புற்றுநோய்" என்று சொல்வதில்லை. இந்தச் சிக்கல்களைத் தீர்க்கத்தான் பிற்காலத்து மென்பொருள்களில் "இயல்பு", "நோய்" ஆகியவற்றுக்கு நடுவே "தெளிவில்லை" என்ற வகையும் சேர்க்கப்பட்டது. கண்ணாடிவில்லை அவர்கள் கேட்ட மூன்றாவது கட்டத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. மனிதருக்குத் தேவைப்படும் கட்டம் இயந்திரத்துக்கும் தேவைப்படுகிறது.

எனவே விற்பனையாளரிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மென்பொருள் எந்தக் கருவியின் படங்களில் பழகியது, நாங்கள் வாங்கப்போவதும் அதே கருவிதானா? எச்பிவி தொற்று உறுதியான பெண்களிடம் மட்டும் சோதித்தீர்களா, எல்லாப் பெண்களிடமும் சோதித்தீர்களா? (இரண்டும் வேறு, எங்களைப் போன்றவர்கள் எண்களை அழகாக்குவது இந்த இடத்தில்தான்.) விடை சரியா தவறா என்பதைப் பயாப்ஸியை வைத்து முடிவு செய்தீர்களா, மற்றொரு மருத்துவரின் கண்ணை வைத்தா? மங்கலான படத்தைக் கொடுத்தால் மென்பொருள் அதை மறுக்குமா, அதற்கும் ஒரு விடை சொல்லிவிடுமா? கடைசிக் கேள்விக்கு விடை தேட விற்பனையாளரே வேண்டாம். மேசை விரிப்பைப் படமெடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் "இயல்பு" என்று சொன்னால் கருவியைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஒருவேளை வாங்கினாலும், தொடக்கத்தில் பல மாதங்கள் அதன் விடையைச் செவிலியருக்கும் வல்லுநருக்கும் காட்டாமல் தனியே பதிவு செய்துவாருங்கள். அவர்களுடைய கணிப்பும் பயாப்ஸி முடிவும் வந்த பிறகு மூன்றையும் ஒப்பிடுங்கள். விடையைக் காட்டிவிட்டால் மனிதக் கண் அதன் பக்கம் சாய்ந்துவிடும், பிறகு ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது. தொலைபேசியின் மாடலை மாற்றினாலும், அதன் இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் கேமரா நிறங்களைக் கையாளும் விதம் மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படங்களை அனுப்பும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நல்ல மருத்துவர்களும் தவறு செய்கிறார்கள். அன்றாட உரையாடல் செயலிகளில் படத்தை அனுப்பினால் அது சுருக்கப்படும்; இரத்தக் குழாய்களின் நுண்ணிய புள்ளிகள்தான் முதலில் மறையும். அதைவிடப் பெரிய கேடு, அந்தப் படம் எடுத்தவரின் தொலைபேசித் தொகுப்பிலும், பெற்றவரின் தொலைபேசியிலும், இருவரின் மேகச் சேமிப்பிலும் தங்கிவிடுவது. ஒருவருடைய குழந்தை அப்பாவின் தொலைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது நோயாளியின் அந்தரங்க உறுப்பின் படம் வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். மருத்துவமனைக்கென்று தனியான தொலைபேசி, படத்தைத் தொகுப்பில் சேமிக்காத செயலி, பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண், இட விவரத்தைப் பதியாத கேமரா அமைப்பு, அனுப்பி முடித்ததும் தானே அழியும் ஏற்பாடு ஆகியவை அடிப்படைத் தேவைகள். அந்தக் குறியீட்டு எண்ணுக்குரிய பெயர்ப் பதிவேடு வேறோர் இடத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும். சிகிச்சைக்காகப் படமெடுக்கக் கொடுத்த சம்மதம் வேறு, அதே படத்தைக் கற்பிக்கவோ மென்பொருளைப் பழக்கவோ பயன்படுத்தக் கொடுக்கும் சம்மதம் வேறு. இரண்டையும் ஒரே கையெழுத்தில் வாங்கக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் "படங்களைத் தயாரிப்பு மேம்பாட்டுக்குப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி இருக்கும். தேடிப் பாருங்கள்.

வைகறை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. முல்லை சிஸ்டர் எழுதியதை அச்சிட்டு எங்கள் செவிலியர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். மேசை விரிப்புச் சோதனையையும் அடுத்த முறை அந்த விற்பனையாளர் வரும்போது செய்து பார்க்கப்போகிறேன்.

ஒரு துணைக் கேள்வி. படங்களை வாரம் ஒருமுறை தொகுத்து அனுப்புவதாக எழுதியிருந்தேன். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலிருந்து புற்றுநோய் உருவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் ஒரு வாரத் தாமதத்தால் குடி முழுகிவிடாது அல்லவா?

கண்ணாடிவில்லை

நோயின் கணக்கில் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அந்தக் காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கும். அப்போதும் ஒரு வாரம் பெரிதன்று. தாமதம் நோயை வளர்ப்பதில்லை, பெண்ணைத் தொலைத்துவிடுகிறது. முதல் நாள் மாதிரி கொடுக்க வந்தார். முடிவு வந்ததும் படமெடுக்க இரண்டாம் முறை வந்தார். வல்லுநரின் கருத்து வந்ததும் சிகிச்சைக்கு மூன்றாம் முறை வர வேண்டும். உடம்பில் எந்த வலியும் இல்லாத ஒருவர், வேலையையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு மூன்றாம் முறை வருவார் என்று நாம் எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்? நான் "சிகிச்சை தேவை" என்று எழுதி அனுப்பிய பெண்களில் எத்தனை பேருக்கு அது உண்மையில் கிடைத்தது என்று ஒருமுறை விசாரித்தேன். அந்த விடையைக் கேட்ட நாளிலிருந்து, தொகுத்து அனுப்பும் படங்களை நான் ஏற்பதில்லை.

ஜாம்பியா நாட்டில் 2006-இல் தொடங்கிய திட்டத்தைப் படித்துப் பாருங்கள். குரோஸ்பெக் பார்ஹம் என்ற மருத்துவர் அதற்கு முன்னின்றார். செவிலியர்கள் சாதாரண டிஜிட்டல் கேமராக்களால் படமெடுத்தார்கள். தங்களுக்கு ஐயம் வந்தவற்றை மட்டும் தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்பினார்கள். பொருத்தமான பெண்களுக்கு அதே வருகையிலேயே சிகிச்சையும் அளித்தார்கள். எல்லாப் படங்களையும் வல்லுநரிடம் அனுப்புவது என்ற எண்ணமே அதில் இல்லை. செவிலியர் முடிவெடுப்பார், வல்லுநர் துணை நிற்பார். பிறகு கூடி உட்கார்ந்து படங்களைத் திறனாய்வு செய்வார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். பெண் மேசையில் இருக்கும்போதே, அல்லது வெளியே அமர்ந்து காத்திருக்கும்போதே என் கருத்து வந்து சேர வேண்டும். இதற்கு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளையும் இரண்டு மணி நேரத்தையும் நீங்களும் வல்லுநரும் ஒதுக்கிக்கொண்டால் போதும். அன்று வரச் சொல்லப்பட்ட பெண்களுக்குப் படம், கருத்து, சிகிச்சை மூன்றும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். தெர்மல் அப்லேஷன் எனப்படும் வெப்பச் சிகிச்சையில் 100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள முனையை ஓரிடத்தில் 20 முதல் 30 நொடிகள் வைக்கிறார்கள்; பகுதி பெரியதாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி சில முறை வைக்க வேண்டும். திசுவை உறையவைத்து அழிக்கும், வாயு உருளை தேவைப்படும் கிரையோதெரபியைவிட இது சிறிய மருத்துவமனைக்கு வசதியானது. சிகிச்சை முடிந்து 12 மாதங்களில் மறுபடி எச்பிவி பரிசோதனை செய்ய வேண்டும். வெப்பச் சிகிச்சை பொருந்தாதவர்களுக்கு, அதாவது வெளுப்பு உள்வாய்க்குள் போகிறவர்களுக்கும் புற்றுநோய் ஐயம் உள்ளவர்களுக்கும், எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில், யாரிடம் போக வேண்டும் என்பது நீங்கள் முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்த 90-70-90 என்ற இலக்கில் எல்லோரும் முதல் இரண்டு எண்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: 90 விழுக்காடு சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 விழுக்காடு பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதனை. நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பது மூன்றாவது எண். உங்கள் பணம் குறைவாக இருந்தால் அதை அந்த மூன்றாவது எண்ணில் முதலில் செலவிடுங்கள்.

வைகறை

புரிந்தது. வாரத் தொகுப்பைக் கைவிடுகிறோம். வல்லுநரிடம் பேசி வியாழக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கேமராவுக்கென்று ஒதுக்கிய தொகையில் வெப்பச் சிகிச்சைக் கருவியை முதலில் வாங்கிவிட்டு, இருக்கிற தொலைபேசிக்கு ஒரு தாங்கியும் நல்ல விளக்கும் வாங்கலாம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முல்லை

நல்ல முடிவு டாக்டர். விளக்கை இரண்டாக வாங்குங்கள். ஒன்றின் மின்கலம் தீர்ந்துபோவது எப்போதும் அமிலம் தடவிய பிறகுதான்.